அழகம்மா காயப்போட்ட அட்டை

"அம்மா, கொஞ்சம் எந்திரிங்க. நீங்க உக்காந்திருக்கது என்னோட அட்டை."

அழகம்மா பணிவாகத்தான் கேட்டாள். ஆனால் பெரஹரா யானை ஊர்வலம் பார்க்கக் கம்பளையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சோற்றுப் பொதியோடும் பஸ் ஏறி வந்திருந்த இராஜகுமாரி, இன்னும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்க அட்டையா? பேரு எழுதியிருக்கா?"

அழகம்மா குனிந்து பார்த்தாள். ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது.

குற்றம் மழையுடையது. விடியற்காலையில் மஹியாவையிலிருந்து தள்ளுவண்டியோடு புறப்பட்டு, கண்டிக் கடைகளின் பின்வாசல்களில் அவள் சேர்த்த அட்டை முழுவதையும் அது ஒரே பாட்டத்தில் நனைத்துவிட்டது. பழைய சாமான் கடை பளீல் முதலாளி நனைந்த அட்டையைக் கையாலும் தொடமாட்டார். "தண்ணிக்குக் காசு குடுக்க ஏலாது புள்ள" என்பார். அதனால் அவருடைய கடைக்குப் பக்கத்து ரோட்டின் நடைபாதையில் அட்டைகளை வரிசையாக விரித்து, பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கப் போனாள். இன்று கடை பூட்டினால், பெரஹரா முடிந்து மறுபடி திறக்க நாலைந்து நாளாகும். இன்று அட்டை போய்ச் சேராவிட்டால் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை.

பெரஹரா நாளில் கண்டி நடைபாதையில் எதையாவது விரித்துக் கல் வைத்தால், இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். அழகம்மாவுக்கு இது தெரியாததல்ல. அரிசி நினைப்பில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் திரும்பி வந்தபோது அட்டைகளுக்குப் பக்கத்தில் பாய்கள் முளைத்திருந்தன. பாய்க்கு இடமில்லாதவர்கள் அட்டைகளின் மேலேயே முளைத்திருந்தார்கள்.

பணிவு பலிக்காததால் அவள் குரலை உயர்த்தினாள்.

"இங்க மொத மொதல்ல விரிச்சதே நான்தான்! எல்லாரும் எந்திரிங்க!"

"ஓ, எடம் புடிச்சு விக்கிற ஆளா?" என்றார் தொப்பி போட்ட ஒருவர். "இந்தத் தொழிலும் வந்திருச்சா கண்டிக்கு?"

"எடம் விக்கலைங்க. அட்டைதான் விக்கிறேன்."

"நல்லா சமாளிக்கிறாங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. அழகம்மாவுக்குக் காது சூடேறியது. அவள் பாணியை மாற்றினாள்.

"அய்யோ, அதுல ராத்திரியெல்லாம் தெருநாய் படுத்திருந்துச்சிங்க. சொறிநாய்!"

பெண்கள் துள்ளி எழுந்தார்கள். அழகம்மா பாய்ந்து முதல் அட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். ஆனால் அதற்குள் இராஜகுமாரி பைக்குள்ளிருந்து ஒரு பெரிய பொலித்தீனை உதறி அட்டை மேல் விரித்து, பிள்ளைகளையும் நடுவில் குந்தவைத்துவிட்டாள்.

"சொன்னது நல்லதாப் போச்சு அக்கா. நீங்க ரொம்ப நல்லவங்க."

எல்லா அட்டைகளுக்கும் பொலித்தீன் மேலாடை வந்தது. இனி எடுப்பதென்றால் இரண்டு அடுக்கு.

மிஞ்சியது ஒரே ஒரு பொய். அழகம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்.

"இது பெரிய பெரிய ஆளுங்களுக்கு ஒதுக்கின எடம். சொல்லிட்டேன், பொறகு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

யாரும் எழும்பவில்லை. மாறாக, அந்தச் சேதி தெருமுனை வரை ஓடியது. பெரிய ஆட்களே தேர்ந்தெடுத்த இடமென்றால் யானையின் கண்ணிமை கூடத் தெரியும் என்று எதிர்ப்பக்கத்துக் கூட்டமும் கூடையோடு குடையோடு இங்கே வந்து நெருக்கியடித்தது. ஒரு அட்டையில் ஏழு பேர். எங்கோ 'சரக்' என்று அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"ஒரு அட்டைக்கு நாலு பேருதான்! குதிகாலால மிதிக்காதீங்க! பாப்பா, ஓரத்தப் பிக்காத!" என்று ஓடி ஓடிக் கத்தினாள். அட்டையைக் காப்பாற்றத்தான் கத்தினாள். கூட்டமோ, பொறுப்பானவள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தது.

"அக்கா, எங்களுக்கும் ஒரு எடம் போட்டுத் தாங்களேன்!"

"அக்கா, இந்தத் தொப்பிக்காரரு தலை மறைக்குதுன்னு சொல்லுங்க!"

"தொப்பியக் கழட்டுங்க அய்யா!" என்றாள் அழகம்மா. அவர் உடனே கழற்றினார்.

வெயில் சாய்ந்தது. பளீல் முதலாளியின் காலைப் பிடித்தாவது கடையைக் கொஞ்சநேரம் திறந்துவைக்கச் சொல்லலாம் என்று அவள் மூச்சு வாங்க ஓடினாள். கடைக்கதவில் பூட்டுத் தொங்கியது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

முன்வரிசையில், அவளுடைய ஆகப்பெரிய ஃபிரிட்ஜ் பெட்டி அட்டையில், பளீல் முதலாளி மனைவி ரபீகாவோடு கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி! அது ஒங்களுக்கு விக்க வச்சிருக்க அட்டை!"

"அப்ப என்ட அட்டைலதானே இரிக்கிறன்?"

"காசு குடுங்க, பொறகு இருங்க!"

"எப்பிடிப் புள்ள குடுக்கிற? இவ்வளவு பேரும் ஏறி இருந்து சப்பளிஞ்சு போச்சே."

"நீங்களும்தானே ஏறி இருக்கீங்க!"

ரபீகா கணவனின் தொடையில் ஒன்று வைத்தாள். "அந்தப் பொம்புளைக்குக் குடுத்துத் தொலைங்களேன். நமக்கு நல்ல எடமும் தந்திரிக்கி."

"இண்டைக்குப் பெரஹரா முடிஞ்ச ஒடனே முழு வெலையும் தாரன்" என்று பளீல் இறங்கி வந்தார். மனம் குளிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கையையும் உயர்த்தினார். "எல்லாரும் கேட்டுக்கோங்கோ! இந்த எடமெல்லாம் எங்கட அழகம்மா விரிச்சது!"

கூட்டம் கைதட்டியது. இராஜகுமாரி நகர்ந்து இடம் கொடுத்தாள். அட்டைக்கு விலை பேசியாயிற்று, அரிசிக்கு வழி பிறந்தாயிற்று. அழகம்மா வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் அட்டையில் தானே கால் நீட்டி உட்கார்ந்தாள்.

இருட்டத் தொடங்கியது. ஊர்வலத்துக்கு முன்னால் வரும் சாட்டைகள் வெடித்தன. மேளம் கேட்டது. கூட்டம் முழங்காலில் எழும்பிக் கழுத்தை நீட்டியது. மேளம் கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது, கட்டிடங்களுக்குப் பின்னால் எங்கோ திரும்பியது. பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது.

ஒரு பொலிஸ்காரர் மட்டும் தெருமுனையில் திரும்பி, இருநூறு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ரோட்டால பெரஹரா வாறதே இல்ல தானே, இங்க முதல்ல அட்டை விரிச்சது யாரு?"