கருப்பனார் கிடாயும் எங்கள் அறிவியல் மன்றமும்

மல்லசமுத்திரம்,
12.7.79, வியாழன் இரவு

பெருமதிப்பிற்குரிய எருமப்பட்டி தங்கசாமி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் சௌந்திரம், ஒன்பதாம் வகுப்பு, பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, இரண்டு எருமைகள் எல்லோரும் நலம். நானும் திங்கட்கிழமை காலை வரைக்கும் நலம். அங்கே அத்தையின் நலமும் உங்கள் லாரியின் நலமும் அறிய ஆவல்.

மாமா, குதிருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து சிம்னி விளக்கில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை ஊதி அணைக்க வேண்டியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். நீங்கள் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அரைமணி நேரம் என் அப்பாவாக இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை அத்தையிடம் காட்ட வேண்டாம்.

சேலத்திலிருந்து முத்தாயம்மாள் என்று ஒரு புதுத் தலைமையாசிரியை மாறுதலில் வந்திருக்கிறார். பெரிய டீச்சர் என்போம். வந்த மறுநாளே, ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு மன்றத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்துக் காட்டுக்காரர் மகள் பாப்பாயியும் பேர் கொடுக்கப் போவதற்குள் இலக்கிய மன்றம் நிரம்பிவிட்டது, நாடக மன்றம் நிரம்பிவிட்டது, தோட்டக் கலை மன்றத்தில் மட்டும் எவ்வளவு பேருக்கு வேண்டுமானாலும் இடம் இருந்தது. அது என்ன மன்றம் என்றால், பெரிய டீச்சரின் கத்தரிச் செடிகளுக்கு அடிபம்பில் தண்ணீர் அடிக்கிற மன்றம். “ஊட்லயும் தண்ணி எறைக்கறோம், இங்க வந்தும் எறைக்கறதா? நாமளே ஒன்ன ஆரம்பிச்சுப் போடலாம் புள்ள” என்றாள் பாப்பாயி. பத்துப் பேர் சேர்ந்தால் புது மன்றம் தொடங்கலாமாம். தண்ணீர் அடிக்கப் பயந்த பன்னிரண்டு பேர் கூடி அறிவியல் மன்றம் தொடங்கினோம். மன்றத்துக்கு நோக்கம் ஒன்று வேண்டும் என்றார்கள். அறிவியல் டீச்சர் சொல்லச் சொல்ல, ‘மூடநம்பிக்கையை ஒழித்தல்’ என்று ஒரு அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தோம்.

வந்த வினையெல்லாம் தலைவி தேர்தலில்தான் வந்தது. சீட்டைப் பிரித்தால் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. மறுபடியும் போட்டோம், மறுபடியும் அப்படியே. “நீங்களே பேசி முடிவு பண்ணுங்க” என்று அறிவியல் டீச்சர் டீ குடிக்கப் போய்விட்டார். பேசினோம், அதில் இரண்டு பேருக்குச் சடை அவிழ்ந்துவிட்டது. அப்போதுதான் பாப்பாயி, வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கருப்பனார் கிடாயைப் பார்த்தாள். உங்களுக்குத் தெரிந்ததுதான், அப்பா நேர்ந்துவிட்டது. சாமி கிடாய் என்று யாரும் விரட்டாததால் ஊரெல்லாம் மேய்ந்து கன்றுக்குட்டி கணக்காக இருக்கிறது. இரண்டு வருசமாக ஆடி நோம்பித் திருவிழா வரும்போதெல்லாம் அப்பா அதன் முதுகில் தண்ணீர் தெளித்துத் துலுக்குமா என்று பார்க்கிறார். உடம்பை உதறித் துலுக்கினால்தானே சாமி ஒத்துக்கொண்டதாக அர்த்தம், அப்புறம்தானே வெட்டலாம், அது துலுக்கவே இல்லை. நீங்களும் இரண்டு தடவையும் கறிச்சோற்றுக்கு வந்து, பொழுது சாயும்வரை பட்டினி கிடந்து, ரசம் ஊற்றித் தின்றுவிட்டுப் போனீர்கள்.

“இது ஆருக்கும் பரிஞ்சுக்கிட்டுத் துலுக்காத கெடா. இது சொன்னா ஞாயமா இருக்கும்” என்றாள் பாப்பாயி. எங்களுக்கும் அது ஞாயமாகவே பட்டது. அட்டையில் எழுதியிருந்தது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

கிடாயை அடிபம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றினோம். “சாமி, பாப்பாயி தலைவியாகட்டுமுங்களா?” கிடாய் அசை போட்டது. பதினோரு பேருக்கும் அசைதான் போட்டது. கடைசியாக என் பெயரைச் சொல்லி ஊற்றினார்கள். கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு துலுக்குத் துலுக்கியது பாருங்கள் மாமா, அந்த நேரம் பார்த்துத்தானா பெரிய டீச்சர், ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரிக்குப் புது மன்றத்தைக் காட்ட அழைத்து வர வேண்டும்? தண்ணீரெல்லாம் அதிகாரியின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். நாங்களோ அவரைக் கவனிக்காமல் குலவை போட்டுவிட்டோம். அதிகாரி நம் பக்கத்து ஆள் போலிருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம்தான் தான் யார் என்று நினைவு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “இது என்ன மன்றமுங்க?” என்றார்.

“அறிவியல் மன்றமுங்க” என்றேன்.

“நோக்கம்?”

பாப்பாயி நல்ல பிள்ளையாக அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் போனதும் பெரிய டீச்சர் என்னிடம், “திங்கட்கிழமை உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. இல்லன்னா உன் பேரை அடிச்சிடுவேன்” என்றார். அப்பாவோ பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: “அங்கிருந்து ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கே நின்னுக்கோணும். எருமைகளோட போயிரு.” அப்பாவைக் கூட்டிப் போகாவிட்டால் பெரிய டீச்சர் நிறுத்துவார், கூட்டிப் போனால் அப்பா நிறுத்துவார். அதற்கும் மேல், தனக்கு இரண்டு வருசமாகத் துலுக்காத கிடாய் பள்ளிக்கூடத்தில் துலுக்கியது தெரிந்தால் எனக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

அதனால் மாமா, வரும்போது மீசையை எடுத்துவிட்டு வரவும். அப்பாவுக்கு மீசை கிடையாது. அதிகம் பேச வேண்டாம், நீங்கள் பேச ஆரம்பித்தால் சுமை ஏற்றிய கதையெல்லாம் வரும். “சரிங்க”, “இனிமே நடக்காதுங்க” இரண்டும் போதும். அத்தைக்கு என் வணக்கம். கருப்பனார் உங்களுக்கு லோடு குறையாமல் கொடுத்து, வழியில் டயர் வெடிக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
எருமை மேய்க்க விரும்பாத
சௌந்திரம்,
தலைவி, அறிவியல் மன்றம் (கிடாய் சொன்னபடி)

பி.கு. வெள்ளி சாயங்காலம். நான் இதைத் தபாலில் போடும் முன்பே பாப்பாயியின் அம்மா வந்து என் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா கூப்பிட்டார். போய் நின்றேன். “தலைய மட்டும் ஆட்டுச்சா, ஒடம்பு முச்சூடுமா?” என்றார். “முச்சூடுமுங்கப்பா” என்றேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நோம்பிக்கும் தண்ணீர் தெளிக்கையில் அவர் மனசுக்குள், ‘புள்ளையப் படிப்ப நிறுத்திப் போடறேன், ஒத்துக்க சாமி’ என்றுதான் கேட்டாராம். அது துலுக்காமல் நின்றதால்தான் நான் இத்தனை நாளும் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். “கருப்பனே படிக்கோணும்கறான், நிறுத்தறதுக்கு நான் ஆரு சாமி?” என்கிறார். திங்கட்கிழமை பங்காளிகளோடு அவரே பெரிய டீச்சரைப் பார்க்க வருகிறார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மீசையோடு, மாமாவாகவே ஆடி நோம்பிக்கு வந்தால் போதும். இந்தத் தடவை கறிச்சோறுதான் என்கிறார் அப்பா.

இன்னொன்று. பதினோரு செம்பில் நனைந்து ஊறிய ஆடு பன்னிரண்டாவது செம்புக்குக் கட்டாயம் உதறும் என்று அறிவியல் டீச்சர் எனக்கு விளக்கினார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. பெரிய டீச்சரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் இன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குச் சேலத்துக்கே மாறுதல் கிடைக்குமா என்று கேட்க வேண்டும், கிடாயை ஒருதரம் ஓட்டிக்கொண்டு வா என்றார். எத்தனை செம்பு ஊற்றுவது என்பதை மன்றம் கூடி முடிவு செய்யும்.