தாம்பாள மாமாவின் திறந்த லேப்டாப்

சென்னையில் லேப்டாப்பை மூடவே தெரியாத ஒரே மனிதர் எங்கள் தாம்பாள மாமாதான். தி. நகரில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் சர்வர்களுக்கெல்லாம் அவர்தான் காவல். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட, திறந்த லேப்டாப்பை நிச்சயதார்த்தத் தாம்பாளம் போல இரு கைகளிலும் ஏந்தி வருவார். சட்டைப்பையில் இருக்கும் போன்தான் அதற்கு நெட்.

"யோவ் பெருசு, அத்த மூடிக்கினு ஏறு!" என்பார் கண்டக்டர்.

"மூடினா கனெக்‌ஷன் போயிடும். நீங்க விசில் ஊதுங்கோ."

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "சர்வருக்குள்ள எப்பவும் ஒருத்தன் இருக்கணும்டா. எல்லாரும் வெளில வந்துட்டா, கதவை யார் திறக்கறது?" என்பார். தினமும் நாலு தடவை கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். எங்கள் சர்வரில் பாஸ்வேர்டு கிடையாது. அவரவர் கம்ப்யூட்டரின் சாவியை அங்கே ஒரு வரியாகப் பதிந்து வைக்க வேண்டும். பதிந்தேன். அனுமதி இல்லை என்றது. அவ்வளவுதானே என்று, பழைய லேப்டாப் வழியாகப் போய், சாவிகள் இருந்த ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தாராளமாகத் திறந்துவிட்டு வெளியே வந்தேன். அதோடு சர்வர் பழைய லேப்டாப்பையும் உள்ளே விடவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை போன். நொச்சிக்குப்பம் கஸ்தூரியக்கா மீன் விற்பதற்கு நாங்கள் போட்டுக்கொடுத்த வெப்சைட் படுத்துவிட்டது.

"இன்னா நைனா, ஒரு ஆர்டரும் வரல! வஞ்சிரம் ஐஸ்ல கீது, ஐஸு கரைஞ்சிக்கினு கீது. அல்லாத்தையும் உன் ஊட்டாண்ட கொட்டட்டா?"

அது அவ்வப்போது படுப்பதுதான்; சர்வருக்குள் போய் ரீஸ்டார்ட் பண்ணினால் எழுந்துவிடும், ஆனால் நான்தான் உள்ளே போக முடியாதே. மாமா வீட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேஜையில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. அவர் இன்னும் சர்வருக்குள்தான் இருந்தார்.

"மாமா, சீக்கிரம் ரீஸ்டார்ட் பண்ணுங்கோ!"

"இரு. உன்னை ஏன் உள்ள விடலைன்னு முதல்ல பார்ப்போம்."

அங்கே மீன் நாறப்போகிறது. இவர் இங்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சர்வர் எழுதிவைத்த குறிப்பை வரி வரியாக வாசிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரே வந்து எழுதற இடத்துல இருக்கிற சாவியை சர்வர் எப்படிடா நம்பும்? யார் திறந்துவிட்டது?"

"நான்தான் மாமா. தப்புதான். ரீஸ்டார்ட்!"

"ஒத்துண்டியோன்னோ? சரி."

ஃபோல்டரைப் பூட்டினார், வெப்சைட்டை எழுப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "வந்துச்சு நைனா! வஞ்சிரம் மூணு, சங்கரா ஒண்ணு!" என்று அக்கா போனில் கத்தினார். மாமா என்னை அப்போதும் விடவில்லை. ஒரே வரியாக இருக்க வேண்டிய என் புதுச் சாவி இரண்டு வரியாக உடைந்து கிடந்ததைக் காட்டி, திருத்தவைத்து, மூன்று முறை உள்ளே போய் வெளியே வரச்சொன்னார்.

போன மாதம் அவர் வேலையை விட்டார். போகிறவரின் சாவியை அன்றே அழித்துவிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். இத்தனை நாள் அவரை உள்ளே விட்ட அந்த ஒரு வரியை நான்தான் அழிக்க வேண்டும். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"ஒரு வரியை அழிக்க இவ்ளோ நாழியாடா?"

"சர்வர் ஸ்லோ மாமா" என்றேன்.

சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அவரை வெளியே அனுப்ப மனசு வரவில்லை.