நூற்று எண்பத்து நாலாவது ராத்திரி

ஃப்ரீமான்ட்,
29.3.2009

மதிப்பிற்குரிய மாமா நஞ்சப்பன் அவர்களுக்கு,

திருமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகளும் நானும் தனித்தனி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆன பிறகும் உங்களை மாமா என்றுதான் எழுத வருகிறது. வேறு சொல் கைவசம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையின் மூட்டுவலி தேவலையா? உடுமலையில் வெயில் எப்படி? விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நீங்கள் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தர வேண்டும். உடனே. வரிக் கணக்குக்குக் கெடு ஏப்ரல் பதினைந்து.

இங்கே குழந்தை உள்ளவர்களுக்கு வரியில் ஆயிரம் டாலர் தள்ளுபடி உண்டு. பெற்றோர் பிரிந்திருந்தால் ஒருவர்தான் கேட்கலாம். வருடத்தில் அதிக நாள் குழந்தை யாரோடு இருந்ததோ அவர். வெண்பா ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் சாந்தாமணியிடம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு இரவையும் நான் எக்ஸெலில் குறித்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள், சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். சாதாரண வருடமென்றால் 365, ஒற்றைப்படை, யாராவது ஒருவர் ஜெயித்தே ஆகவேண்டும். போன வருடம் பார்த்து லீப் வருடம்! அவளுக்கு நூற்று எண்பத்து மூன்று, எனக்கு நூற்று எண்பத்து மூன்று. சமமாக வந்தால் யாருக்கு வருமானம் அதிகமோ அவருக்கு என்று சட்டம். நவம்பரில் எனக்கு வேலை போனது, ஆகவே அவளுக்கு. ஆயிரம் டாலர் போனால் போகட்டும் மாமா. வேலையும் இல்லை, குடும்பமும் பாதி, இதில் அரசாங்கக் காகிதத்திலும் பிள்ளை இல்லாதவன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமா?

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். ஜூலை 19, சனிக்கிழமை, சாந்தாமணியின் வாரம். அவள் வீட்டில் தங்கியிருந்த நீங்கள், வெண்பா மறந்துவிட்ட யானை பொம்மையை எடுக்கப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். "அஞ்சு நிமிசந்தானுங்க மாப்ள, தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பறோம்" என்று சோஃபாவில் உட்கார்ந்தீர்கள். எழுந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. உங்கள் மடியில் வெண்பா. நியாயப்படி அந்த இரவு என்னுடையது, 184. இதைப் போனில் கேட்டதற்கு, "பொட்டப்புள்ளயப் பாகப்பிரிவினை பண்றதுக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாக்கும்? வெய்யுங்க போனை" என்றீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மனம் மாறும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரிலேயே கணக்கை அனுப்பிவிட்டேன். அரை மணியில் திரும்பி வந்தது: குழந்தையின் விவரம் நிராகரிக்கப்பட்டது. அப்படியென்றால் சாந்தாமணி முந்திக்கொண்டாள்! உடனே போன் போட்டேன். மௌரி அவென்யூ மளிகைக்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெண்பாவப் போட்டுட்டியா?"

"எங்க போட்டேன்? பக்கத்துலதான் நிக்கறா."

"வரியில!"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. எரர் என்னன்னு முழுசாப் படிச்சியா?"

"படிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"இதச் சொல்றதுக்குத்தான் இத்தன வருஷம் உனக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

வைத்துவிட்டாள். நான் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை வெண்பா என் வீட்டுக்கு வந்தாள், ஷூவைக் கூடக் கழற்றவில்லை.

"டாடி, ஆர் யூ க்ளெய்மிங் மீ?"

"ஆமாம்மா."

"லைக் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்?"

அவள் பள்ளிக்கூடத்தில் தொலைந்த சாமான்களுக்கு ஒரு பெட்டி உண்டு. மாசக் கடைசி வரை யாரும் கேட்காத ஸ்வெட்டரை யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். "வாட் இஃப் நோபடி க்ளெய்ம்ஸ் மீ?" என்றாள். ஏழு வயது, மாமா. கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க, நம்பிக்கை குறைவாக இருந்தாலும், வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருமூர்த்தி பழனிசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் எரரை முழுசாகப் படித்துத் தொலைத்தேன். சாந்தாமணி ஒன்றும் செய்யவில்லை, குழந்தையின் பெயர் அரசாங்கப் பதிவோடு ஒத்துப்போகவில்லையாம். என் கடைசிப் பெயர் என் அப்பாவுடையது, பழனிசாமி; வெண்பாவின் கடைசிப் பெயர் என்னுடையது, திருமூர்த்தி. நம் ஊர் வழக்கம் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியுமா? அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே கடைசிப் பெயர் என்று அதுவாகவே 'வெண்பா பழனிசாமி' என்று நிரப்பியிருக்கிறது, நானும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். அதாவது என் மகளை என் தங்கச்சியாக்கி வரி கேட்டிருக்கிறேன். ஸ்டாம்ப் தேடி வெண்பாவின் பையைக் கவிழ்த்தால், தள்ளுபடியை எனக்கே விட்டுக்கொடுத்து சாந்தாமணி கையெழுத்திட்ட படிவம்! அதன்மேல் மஞ்சள் சீட்டு: "என் சம்பளம் ஜாஸ்தி, அதுக்கு இந்தத் தள்ளுபடி வராது. உனக்கு வரும். ராத்திரிய எண்ணாமத் தூங்கு." போன் பண்ணித் தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் உனக்கு அம்மா முறையாடா?" என்று சிரித்தாள். ஒன்றரை வருடத்தில் முதல் சிரிப்பு. சனிக்கிழமை இரண்டு பேர் கணக்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிக்கப்போகிறோம். அனுப்பும் பட்டனை வெண்பாதான் அழுத்துவாளாம்.

சாட்சிக் கடிதம் வேண்டாம் மாமா. அன்றைக்கு அவள் தூங்கியது உங்கள் மடியில். அந்த ராத்திரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.