ஊசிக்குச் சாப்பாடு போட்டவர்

1. திருக்காட்டுப்பள்ளிக் கல்யாணம் ஒன்றில் அடுப்புத் தீ வேட்டியில் பற்றி, சமையல் மாஸ்டர் எங்கள் தீக்காய வார்டுக்கு வந்தார்.
2. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு, தீ அணைந்த பிறகும் உள்ளே எரியும். சாப்பாடு போதாவிட்டால் தன் சதையையே எரித்துக்கொள்ளும்.
3. டயட்டீஷியனான நான் இரண்டு ஆள் சாப்பாடு எழுதிக் கொடுத்தேன்.
4. அவர் தொடவில்லை.

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அவ்வளவு பிடிவாதமான வயிறு வேறு கிடையாது. கல்யாணத்தில் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் மாஸ்டர் இலையில் உட்காருவார். அதனால் பெயரே 'கடைப்பந்தி'. வார்டிலும் அதே சட்டம்.

"பக்கத்து பெட் தம்பி இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரேம்மா. அவரு எந்திரிக்கட்டும்."

அந்தத் தம்பிக்கு மூக்குக் குழாய் வழியே நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக உணவு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பந்தி எழுந்திருக்கவே போவதில்லை.

"எடை இறங்கிக்கிட்டே போகுது மாஸ்டர். இப்படியே போனா காயத்து மேல ஒட்டுற தோல் பிடிக்காது."

"சமைச்சவன் முதல்ல தின்னா பந்தி வெளங்குமா?"

அவருக்கும் குழாய் போட்டோம். "பரிமாறாம ஊத்துறீங்களே!" என்று பிடுங்கிவிட்டார்.

கடைசியில் ஒரு நாள் காலையில் டாக்டர் அரை மனதோடு வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தொடங்கினார். பெரியவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எனக்கு மட்டும் எப்படித் தெளிவு இருக்கும்?

"இது என்னம்மா செய்யும்?"

"உள்ள போய்ச் சதை கட்டும், கொத்தனார் மாதிரி. செங்கல் மட்டும் நீங்க சாப்பாடாக் குடுக்கணும்."

மாஸ்டர் பதறிப்போனார். "காலையில வந்த ஆளு இன்னும் பட்டினியாவா வேலை பாக்குறாரு? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

ஒரு தட்டுச் சோறும் நாலு முட்டையும் காலி. "எனக்கில்லம்மா, அவருக்கு."

அடுத்த குழப்பம், அந்த ஊசி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றியது. இன்சுலின் சேர்ந்தது, பாயசத்தை நான் நிறுத்தினேன்.

"வேலைக்கு ஆள் வெச்சிட்டு பாயசம் இல்லைங்குறீங்களே, அவரு என்ன நெனப்பாரு?"

"அவராலதான் சக்கரையே ஏறுது மாஸ்டர்."

"அப்படிப்பட்ட ஆளா? சரி, முட்டையைக் கூட்டிப் போடுங்க."

எடை இறங்குவது நின்றது. ஒட்டிய தோல் பிடித்தது. ஊசியாலா, முட்டையாலா, உபசாரத்தாலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இப்போதைய நிலவரம்: மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை மட்டும் பார்க்கிறார். போன வாரம் பூதலூரில் அவர் சமையல். என்னை முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் கடைசிப் பந்தியும் எழும்வரை இருந்து, அவர் பக்கத்து இலையில் சாப்பிட்டேன்.