கரடியின் வாய்க்கு வந்த விருந்தாளிகள்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் பல் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குலசேகரன். சொன்னபோது என் வாய் நிறையப் பஞ்சு. குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை.

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. மெல்லுவதற்கு அதன் கடைவாயில் ஒரே ஒரு பல்தான் மிச்சம். அதுவும் கூச ஆரம்பித்தது. கரடி பல் வைத்தியரான மரங்கொத்தியிடம் போனது. வாசலில் அணில் டோக்கனும் ஒரு படிவமும் கொடுத்தது. ‘தேன் சாப்பிடுவதுண்டா?’ என்ற கேள்விக்குக் கரடி, ‘விசேஷ நாட்களில் மட்டும்’ என்று எழுதியது.

“வாரத்துல எத்தனை விசேஷம்?” என்றது அணில்.

“ஏழு.”

மரங்கொத்தி பல்லைத் தட்டிப் பார்த்தது. “சொத்தை இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. குழி ஆழமானா பிடுங்கணும். அப்புறம் ஆயுசுக்கும் கூழ்தான்.”

கரடிக்குக் கண் கலங்கியது.

“தேனை நிறுத்துங்க. ரெண்டு வேளை பல் துலக்குங்க. கூடவே இந்த மாத்திரையைச் சப்பலாம். இதுல நல்ல கிருமிகள் உயிரோட இருக்கு. அது வாயில தங்கினா, சொத்தை உண்டாக்குற கிருமிக்கு இடம் குறையும். ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க.”

“உயிரோடவா?” என்றது கரடி. அதற்குமேல் அதன் காதில் எதுவும் விழவில்லை.

அந்தக் காட்டில் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் இனிப்பு கொடுப்பார்கள். கரடி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, “வாங்க, வாங்க” என்றது. பின்னாலேயே ஒரு கை தேனும் விட்டது. பல் துலக்குவதையும் நிறுத்திவிட்டது. துலக்கினால் வந்தவர்களைத் துடைப்பத்தால் விரட்டுவது போல் இருந்ததாம்.

மூன்று மாதத்தில் பல் ஆடியது.

“தேன் சாப்பிட்டீங்களா?” என்றது மரங்கொத்தி.

“நான் எங்கே சாப்பிட்டேன்? அவங்களுக்குக் கொடுத்தேன்.”

“உங்க வாயில ஏற்கெனவே குடியிருந்த கெட்டதும் சேர்ந்துதானே சாப்பிட்டிருக்கு?”

“பந்தியில ஆள் பார்த்துப் பரிமாறுற பழக்கம் எங்க பரம்பரையிலேயே இல்லை, டாக்டர்.”

மரங்கொத்தி பல்லைப் பிடுங்கியது. கரடி அதை ஒரு இலையில் மடித்து வாங்கிக்கொண்டு போனது. இப்போது கூழ்தான் குடிக்கிறது, தேன் விட்டு. மாத்திரையை நிறுத்தவில்லை. பல் இல்லை என்பதற்காக வருகிறவர்களை வராதே என்று சொல்ல முடியுமா?

நீதி: பல் போகலாம், வந்தவரைப் பட்டினி போட்டான் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது.

போன வாரம் மறுபடி அதே நாற்காலி. சட்டைப்பையில் பாதி தின்ற கடலைமிட்டாய். குலசேகரன் பஞ்சைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டுவிட்டேன்:

“கெட்டதும் அதே தேனைத்தான் தின்னும்னு அந்தக் கரடிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”