வாலில் உட்கார்ந்த விமானம்

சாப்பாட்டு மேஜையின் மேல் விமானம் வாலில் உட்கார்ந்திருந்தது. மூன்று சக்கரங்களில் நிற்க வேண்டிய விமானம் அது. முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, மூக்கு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் விரலால் மூக்கை மெல்ல அழுத்தினார். முன்சக்கரம் மேஜையைத் தொட்டது. விரலை எடுத்தார். வால் 'டக்'கென்று இறங்கியது.

"கிளம்பப் போகுதா அத்தான்?" என்றான் மைத்துனன்.

"கிளம்பல. நிக்குது."

"எங்க நிக்குது? சட்டமா உக்காந்துல்ல இருக்கு?"

மைத்துனனுக்கு இந்த வாய் சும்மா வந்துவிடவில்லை. மின்விசிறித் தொழிற்சாலையில் அவன் இன்றைக்கும் அசெம்பிளிப் பிரிவு சூப்பர்வைசர். அவர் அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மைத்துனன் பிரிவிலிருந்து வந்த விசிறிகளை, சொந்தக்காரன் சரக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காகவே இன்னொரு தடவை சோதித்துத் திருப்பி அனுப்பியவர். இறக்கையில் நகக்கீறல் போதும், திருகின் தலையில் பொட்டளவு துரு போதும், சிவப்பு ஸ்டிக்கர் விழுந்துவிடும். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொழிற்சாலையில் யாருக்கும் ஞாபகமில்லை. 'ரிஜெக்ட் சார்' என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு சோதிப்பதற்கு விசிறி இல்லை. ஆனால் வீடு இருந்தது. காபியின் சூடு, துணி மடிப்பின் ஓரம், கதவுக் கீலின் சத்தம், தலையணை உறையின் தையல் என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கும் வரை சோதனைதான். ஒவ்வொரு குற்றத்தையும் சொல்லிவிட்டு, "உன்னைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொள்வார். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

அந்தச் சமயத்தில்தான் கணவனும் மனைவியுமாக வழக்கமான பரிசோதனைக்கு டாக்டரிடம் போனார்கள். நர்ஸ் இருவர் கையிலும் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். டாக்டர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்போது நம் ரிஜெக்ட் சார், அறை மூலையில் இருந்த எடை பார்க்கும் மிஷினின் முள் பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை இடதுபக்கம் நிற்பதைக் கண்டுபிடித்து, நர்ஸிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரஷர் நல்லா ஏறியிருக்கும்மா," என்று டாக்டர் மனைவியிடம் சொன்னார். "இப்பவே மாத்திரை வேண்டாம்னு பார்க்கிறேன். சாருக்குக் கைவேலையா ஏதாவது பொழுதுபோக்கு ஏற்பாடு பண்ணுங்க. அவர் அதுல உக்காந்துட்டார்னா பிரஷர் தன்னால இறங்கும். இறங்கலைன்னா அடுத்த தடவை வரும்போது மாத்திரைதான். ஆயுசுக்கும் நிறுத்த முடியாது."

மாத்திரை என்றதும் அவர் எடை மிஷினை விட்டார். நிஜமாகவே பயந்துபோனார். அவருடைய பழைய மேனேஜர், ஒரு காலத்தில் கண்ணசைவில் ஆளை நடுங்கவைத்தவர், இப்போது வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்குகிறார். நீலத்தைப் போட்டோமா மஞ்சளைப் போட்டோமா என்பதைத் தவிர அவரிடம் பேச வேறு விஷயமே கிடையாது. அந்தக் கதி தனக்கு வரக் கூடாது.

"சின்ன வயசுல பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவேன்," என்றார் திரும்பி வரும் வழியில். "கல்யாணத்துக்கு முன்னாடி. என்ன நேர்த்தி தெரியுமா? ஒரு குறை சொல்ல முடியாது."

மனைவி மறுநாளே கடைக்குப் போனாள்.

"இருக்கிறதுலயே பெருசாக் குடுங்க. ரொம்ப நாள் இழுக்கணும்."

"பையனுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாம்," என்று சொல்லிவிட்டாள்.

அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள, இரட்டை எஞ்சின் போர் விமானம். முழு இறக்கையும் தலையணையைவிட நீளம். அத்தனை பெரிய பெட்டியை இடுப்பில் தாங்கிக்கொண்டு அவள் வாசலில் நின்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் உடம்பின் மேல் இவளுக்குத்தான் எத்தனை அக்கறை!

பெட்டிக்குள் இருந்த செய்முறைப் புத்தகம் கனமாக இருந்தது. "இது புதுசாக் கத்துக்கிறவங்களுக்கு," என்று அதை மேஜைக்காலின் கீழ் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். அதன் பலன்தான் இப்போது வாலில் உட்கார்ந்திருந்தது.

மைத்துனன் மேஜைக்கடியில் குனிந்து புத்தகத்தை உருவினான். மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது.

"இதோ போட்டிருக்கான் அத்தான். 'உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டும் முன் மூக்கினுள் எடை வைக்கவும். இல்லாவிட்டால் வால் தரையில் சாயும்.' பக்கத்துல படம் வேற. அச்சு அசல் உங்க விமானம்தான்!"

"பிரிச்சு முதல்லேருந்து பண்ணுங்களேன்," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அதில் ஏதோ ஒரு நம்பிக்கை தெரிந்தது. "என்ன அவசரம் இப்போ?"

"பிரிக்க வராது. ஒட்டினது நான்."

யோசித்ததில் அவருக்கே ஒரு வழி தோன்றியது. முன்சக்கரம் செருகும் இடத்தில் சின்னத் துவாரம் இருந்தது. சைக்கிள் கடையிலிருந்து குட்டிக் குட்டி பால்ரஸ் குண்டுகளை வாங்கிவந்து, காகிதத்தைப் புனல்போலச் சுருட்டி, துவாரத்தின் வழியே உள்ளே விட்டார். ஒவ்வொன்றும் போய் மூக்கில் விழும் என்பது திட்டம். குண்டுகள் கலகலவென்று ஓடி வாலில் போய்ச் சேர்ந்தன. வால் முன்னைவிட அழுத்தமாக உட்கார்ந்தது.

மைத்துனன் விமானத்தைத் தூக்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தான். "நல்ல கிலுகிலுப்பை. பறக்குமா அத்தான்?"

"இது பறக்கிறதுக்கு இல்லடா. பார்க்கிறதுக்கு."

"அப்போ கேட்கிறதுக்கும் ஆச்சு."

அவன் போனதும் விமானத்தைத் தலைகீழாக ஒரு சொம்பில் நிறுத்தினார். குண்டுகள் மூக்குக்கு வந்தன. அவை திரும்ப ஓடிவிடாமலிருக்க, தொட்டதும் பிடிக்கும் பசையை அதே துவாரத்தில் ஊற்றினார். ஒரு சொட்டு போதும் என்று டியூபில் எழுதியிருந்தது. நம் காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று டியூபையே பிழிந்துவிட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் விமானம் மூன்று சக்கரங்களில் நின்றது! மூக்கைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. சின்னப் பிள்ளைபோல மனைவியைக் கூவி அழைத்தார்.

அவள் வந்து, பார்த்து, "நல்லா இருக்கு," என்றாள். பிறகு குனிந்து, "கண்ணாடி ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள்.

விமானி உட்காரும் இடத்துக்கு மேலிருந்த கண்ணாடிக் கூண்டு பால்போல வெளுத்திருந்தது. உள்ளே ஊற்றிய பசையின் ஆவி இரவெல்லாம் அங்கே போய்ப் படிந்திருக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் அவர் இந்நேரம் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்திருப்பார்.

"துடைச்சாப் போச்சு," என்றார்.

துடைத்தால் போகவில்லை. கூண்டை நெம்பி எடுத்தார். அதோடு சேர்ந்து கழுத்துப் பக்கம் ஒரு சில்லும் வந்தது. மனைவியின் அலமாரியில் நகப்பூச்சைக் கரைக்கும் திரவம் இருந்தது. அதைப் பஞ்சில் நனைத்துக் கூண்டின் உட்புறம் தேய்த்தார். வெள்ளை போனது. பிறகு கண்ணாடியும் போகத் தொடங்கியது. பதறிப்போய்ப் பிடித்ததில் அவருடைய கட்டைவிரல் ரேகை வரிவரியாக அதில் பதிந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "போதும். தூக்கிப் பரண்ல போடு. எனக்கு இது வராது."

கூடத்தில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தொடர்கதை படித்துக்கொண்டிருந்த மனைவி புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க! டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? உங்க கைக்கு வராத வேலைன்னு ஒண்ணு உண்டா?"

உச்சி வெயிலில் கிளம்பிப் போய்ப் புதுப் பசை, உப்புத்தாள், நாலு நிறத்தில் பெயிண்ட் எல்லாம் வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் நெகிழ்ந்துபோனார். இவளுக்காகவாவது பிரஷரை இறக்கியே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டார். அந்த நெகிழ்ச்சியில், அவள் கொண்டுவந்து கொடுத்த காபியில் சர்க்கரையே இல்லை என்பதையும் கவனிக்காமல் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை. சோடா பாட்டிலை வெட்டிப் புதுக் கூண்டு செய்தார். அது அகலமாகப் போனது. கூண்டுக்கு ஏற்றபடி விமானத்தின் முதுகைத் தேய்த்தார். முதுகில் ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுவர்ப் பட்டி மாவைக் குழைத்துப் பூசினார். விமானத்துக்குக் கழுத்து வீங்கியது. வீக்கம் தெரியாமலிருக்கப் பெயிண்டைத் தடிமனாக அடித்தார். பெயிண்ட் காயவே இல்லை. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும் என்பதால் மனைவியின் தலை உலர்த்தும் மிஷினை எடுத்து இடது இறக்கைக்கு நேராகப் பிடித்தார். பெயிண்ட் காய்ந்தது. கூடவே இறக்கையும் துவண்டு தொங்கியது.

மைத்துனன் வந்தான். பார்த்தான். விமானத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து வாலில் ஒட்டினான். தொழிற்சாலையின் சிவப்பு ஸ்டிக்கர்.

"டேய், எடுடா அதை!"

"கீறல் இருக்கு, வீக்கம் இருக்கு, ஒரு ரெக்கை தொங்குது. ரிஜெக்ட்தானே அத்தான்?"

"இதெல்லாம் குறை இல்ல. தத்ரூபம்! சண்டைக்குப் போயிட்டு வந்த விமானம் பின்ன எப்படிடா இருக்கும்?"

"அடடா, இது அப்பவே தெரியாமப் போச்சே. என் விசிறியெல்லாம் சண்டைக்குப் போயிட்டு வந்ததுன்னு சொல்லியிருப்பேனே!"

அவர் ஸ்டிக்கரைப் பிய்த்தார். பாதி வந்தது, அதோடு பெயிண்டும் பட்டையாக உரிந்து வந்தது. மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டார். எந்த நாட்டு விமானத்திலும் வாலில் ஏதாவது ஒரு சின்னம் இருக்கத்தானே செய்யும்?

மைத்துனன் போன பிறகு விமானத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார். கோணல், வீக்கம், தொங்கல் எல்லாம் தெரிந்தன. ஆனாலும் அவருக்குப் பெருமையாக இருந்தது. தன் கையால் செய்த பொருள் ஒன்றை, குறையோடு சேர்த்து, அவர் பாஸ் பண்ணியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் மனைவி. "அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் பெயிண்ட் கியிண்ட் அடிக்கலாமே?"

"அடிக்கிறதுக்கு இடமே இல்ல. டாக்டர் கண்ணால பார்க்கட்டும், நாளைக்கு எடுத்துட்டுப் போறேன். மாத்திரைக்கு ஒரு கும்பிடு!"

டாக்டரிடம் போகும் வழியில், ஆட்டோவில், விமானம் போர்வைக்குள் அவர் மடியில் இருந்தது. மனைவி வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்து என்ன பண்றதா இருக்கீங்க?"

"அடுத்து என்ன, வீட்டைக் கவனிக்க வேண்டியதுதான். இத்தனை நாள் கண்டுக்காம விட்டுட்டேன். அந்தப் பின்கதவு கீச்சுங்குது பாரு, இன்னிக்குக் காலையிலதான் காதுல விழுந்தது. துண்டு மடிக்கிறதும் கோணலா இருக்கு. உன்னைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

மனைவி கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்தது. போர்வைக்குள் ஏதோ கலகலவென்று உருண்டது.

டாக்டரின் மேஜையில் இடம் ஒதுக்கி, போர்வையை விலக்கி, விமானத்தை வைத்தார். மூன்று சக்கரங்களில் ஒரு கணம் நின்றது. பிறகு, 'டக்'.

"ஒரு நிமிஷம் டாக்டர். நேத்து நின்னுச்சு. பள்ளத்துல குண்டு கழண்டிருக்கு." மூக்கை அழுத்தினார். விட்டார். 'டக்'. மறுபடியும் அழுத்தினார். டாக்டரின் பேனாவை எடுத்து வாலுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார். பேனா உருண்டோடியது.

அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து பட்டையில் காற்று இறங்கும் சத்தம் கேட்டது.

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "இவ்வளவு இறங்கும்னு நானே நினைக்கல. மாத்திரைப் பேச்சே வேண்டாம்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை. கோணல் விமானத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் ஒரு சின்னக் குறை அவருக்குத் தட்டுப்பட்டது. இருபத்தைந்து வருடப் பரிசோதகர் அல்லவா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நீட்டிய கையோடு திரும்பினார்.

"டாக்டர், எனக்கு இன்னும் பட்டையே கட்டலையே?"

மனைவியின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சொன்னார்: "உங்களுக்கு எதுக்கு சார், உங்களுது அன்னிக்கே நார்மல்தானே? அம்மா, விமானம் முடிஞ்சிடுச்சு போலிருக்கே, உங்களுக்கு மறுபடியும் ஏறிடப் போகுது, டாக்டர்கிட்ட சொல்லி அடுத்து ஒரு கப்பலா எழுதி வாங்கிக்குங்க!"