நெய் டின் கட்டிய அம்பாசடர்

அடுத்தவர் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மனிதனுக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று, அரிசி மண்டி பாஷா பாயிடம் ஒரு பழைய அம்பாசடரை லீசுக்கு எடுத்திருந்தேன்.

"எப்டி எடுத்துனு போறியோ அப்டியே திருப்பிக் குடுக்கணும்பா. அடிபட்டா ரிப்பேர் உன்னுது" என்று சொல்லித்தான் பாய் சாவியைக் கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டேன். (ஆட்டுவதற்கு மட்டும்தான் அப்போது அந்தத் தலை பயன்பட்டது.)

அடுத்த வாரமே சரோஜா அக்காவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. ஏற்கெனவே மூன்று இடத்துக்காரர்கள் வந்து, கேசரியைத் தின்றுவிட்டு, "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஒரு லெட்டரும் வரவில்லை. தபால்காரர் தெருவில் வந்தால் அக்கா சமையலறைக்குள் போய்விடுவாள். அதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டாரைக் காரிலேயே அழைத்து வந்து அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் ஒத்திகை பார்க்கிறேன் பேர்வழி என்று செங்கம் ரோட்டில் போய், ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியின் மேல் ஏற்றினேன். சைலன்சர் பைப் கிழிந்து, வண்டி லாரியைவிட மோசமாகக் கத்தியது.

"கழட்டி வெல்டிங் வெக்கணும். ரெண்டு நாள் ஆவும்" என்றார் மெக்கானிக்.

ரெண்டு நாளுக்கு எங்கே போவது? செலவுக்கும் வழியில்லை. வீட்டில் கேசரிக்காகக் காலி செய்த நெய் டின் கிடந்தது. அதை வெட்டி, பைப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். சத்தம் அடங்கிவிட்டது! என்னை நானே மெச்சிக்கொண்டதில், டின்னைக் கழுவவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூவரையும் ஏற்றினேன். தேரடி தாண்டுவதற்குள் பைப் சூடேறி, காருக்குள் கமகமவென்று நெய் வாசனை.

"மலைமேல கார்த்திகை தீபம் இன்னும் எரியுதில்ல, அந்த நெய்தான்!" மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்ல காரியத்துக்குப் போறப்போ நல்ல சகுனம்."

"ஆமாங்கம்மா" என்றேன், பயபக்தியோடு.

எங்கள் தெருமுனையில் சகுனம் கழன்று விழுந்தது. வண்டி போட்ட சத்தத்தில் கட்டிப்போட்டிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வீடு ஜனம் வெளியே வந்து பார்த்தது.

"என்னா தம்பி இது, குண்டு கிண்டு வெடிச்சுதா?" என்று அந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அக்காவுக்கு இந்த லெட்டரும் வராது, பாவி நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கடியில் குனிந்து, கிடந்த தகரத்தைத் துண்டால் பிடித்து எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"அம்மா, உன் சகுனம் இங்க இருக்கு பாரு" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டில் அக்கா காபித் தட்டோடு வந்தாள். முந்தைய மூன்று முறையும் தலையே நிமிராதவள், இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் சிரித்த சிரிப்பில் டம்ளர்கள் ஆடின.

"மூக்குல கரிங்க" என்றாள். பெண் பார்க்கும் இடத்தில் பெண் பேசுவதா? எங்கள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை துடைக்கிறேன் என்று கன்னமெல்லாம் பூசிக்கொண்டார்.

அவருடைய அம்மா தொண்டையைச் செருமினார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன்."

எங்கள் அப்பாவின் முகம் செத்துவிட்டது. நகையா, ஸ்கூட்டரா? அக்கா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்யாணத்துக்குப் பொண்ணோட தம்பி வண்டி ஏற்பாடு பண்ணக் கூடாது."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். (பாய்க்குப் புது சைலன்சர் மாட்டிக் கொடுத்தபோதும் கொஞ்சம் அழுதேன்.)

போன வருடம் அக்கா மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் குறித்த கையோடு அவன் எனக்குத்தான் முதலில் போன் செய்தான்.

"மாமா, ஒரு வாரம் முன்னாடியே வந்துடணும். பஸ்ல வாங்க."